மலர்க்கொடி அளந்த குளம்

"கல்லு அடியைத் தொட்டுச்சாம்மா?" தெர்மாகோல் தெப்பத்தின் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தபடி செங்குட்டுவன் கேட்டார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம்.

"எங்க சார், இது சேறு. இன்னும் ரெண்டு முழம் எறங்குனாத்தான் கட்டாந்தரை கீது." மலர்க்கொடி கல் கட்டிய கயிற்றை மேலும் விட்டாள்.

"சேறு கணக்குல வேணாம்மா. தண்ணி ஆழத்த மட்டும் சொல்லு, போதும்."

படித்தவர், அவருக்குத் தெரியாததா? கயிற்றை இழுத்து, கடற்கரை வழக்கப்படி இரண்டு கையையும் விரித்துப் பாகம் போட்டுச் சொன்னாள். அவர் அதை டேப்பில் சரிபார்த்து மீட்டரில் எழுதிக்கொண்டார்.

சடையங்குப்பத்தில் மேகம் கறுத்தாலே சாமான்களைப் பரண்மேல் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். போன டிசம்பரில் இந்தக் குளம் வழிந்து, அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மகள் ரேகாவின் பிளஸ் டூ புத்தகமெல்லாம் கூழாகிவிட்டது.

குளத்தைத் தூர் வாருங்கள் என்று மூன்று வருடமாக மனு கொடுக்கிறாள். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் இந்தச் செங்குட்டுவன் சார் கையில் எழுதும் பேடோடு வந்து, "குளத்துல எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு கணக்கெடுக்கணும்" என்றார். மீன் கூடையைப் போட்டது போட்டபடி விட்டுத் தெப்பத்தை இறக்கிவிட்டாள்.

பத்து இடத்தில் ஆழம் பார்த்தார்கள். அவர் போதும் என்ற பிறகும் அவள் விடவில்லை.

"அந்த மூலைல ஆழம் ஜாஸ்தி சார். உட்டுட்டுப் போனா அப்பால கணக்கு தப்பாப் பூடும்."

கரையேறியதும் கால்குலேட்டரைத் தட்டினார். நீளம் நூற்றிருபது, அகலம் எண்பது, சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். "ஒரு கோடியே நாப்பத்தி நாலு லட்சம் லிட்டர்."

"யம்மாடி, கோடியா!" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை தண்ணீரைப் பார்த்தபிறகு எந்த ஆபீஸரும் சும்மா இருக்க முடியாது.

"ஊர்க்காரங்க கூட இருந்து அளந்தாங்கன்னு ஒரு கையெழுத்து வேணும்மா."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷ் காகிதத்தின் அடியில் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். வீட்டிலிருந்து அவருக்கு டீ வந்தது.

"தூர் வார்ற மிஷினு எப்ப சார் வரும்? மயைக்கு முன்னாடி வந்துடுமா?"

செங்குட்டுவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தூர் வார்றதா? இங்க கன்டெய்னர் யார்டு வருதும்மா. நாம அளந்தது, குளத்த மூட பவர் ஹவுஸ் சாம்பல் எத்தனை லாரி வேணும்னு பாக்க."