அரக்கனுக்கு நாலு வயிறு

“அவ சாகலேன்னு எழுதுங்க மாப்ளே. எழுதினாத்தான் நிக்காஹ்!”

கல்யாண மண்டபத்துச் சாமான் அறையைத் தாழிட்டுவிட்டு, கதவிலேயே சாய்ந்து நின்றார் அகமது மீரான். மேலப்பாளையம் சந்தையில் முரட்டுக் காளைகளை ஒற்றை அதட்டலில் நிறுத்துகிற மாட்டு வியாபாரி. அவருடைய கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

ஒரே மகள் மர்வாவைக் கட்டிக்கொடுக்கும் நாள் அல்லவா! காலையிலிருந்து அவர் துண்டால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பார்த்து, பிரியாணி கிண்டுகிறவர்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

கழுத்தில் மாலையோடு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அப்ராருக்கு வேர்த்துக் கொட்டியது.

“யாரு சாகலேன்னு மாமா?”

“செங்கயல்.”

அப்ராரின் கைபேசி நழுவி வெங்காயக் கூடைக்குள் விழுந்தது.

செங்கயல் அவன் படைத்த நாயகி. தாமிரபரணி தலைகீழாகப் புன்னைக்காயல் கடலில் பிறந்து பொதிகை மேல் ஏறிப் பாய்கிற ஓர் உலகத்தை உண்டாக்கி, அதில் அவளைக் கப்பல் தலைவியாக்கி, இணையத்தில் புனைபெயரில் வாராவாரம் எழுதிவந்தான். நண்பன் நாசரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வந்த மாமனாரிடமும் ‘தங்கமான பையன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டதாக நாசர் சத்தியம் செய்திருந்தான்.

குடும்பஸ்தன் ஆகப்போகிறவனுக்குப் பூதமும் அரக்கனும் எதற்கு? போன வெள்ளிக்கிழமை, அரக்கனை விட்டுச் செங்கயலைக் கப்பலோடு விழுங்கவைத்து, ‘முற்றும்’ போட்டு மூடியிருந்தான்.

“மாமா, அது உங்களுக்கு எப்படி...?”

“நான் என்னத்தக் கண்டேன்? சம்மதம் கேக்கப் போனேன். அந்தச் செங்கயல் பொழைச்சாத்தான் சம்மதம்னு மர்வா ஒத்தக்கால்ல நிக்கா.”

அப்ராருக்குப் பயம் பாதி, பூரிப்பு பாதி. கட்டிக்கொள்ளப் போகிறவள் தன் வாசகியா! கைபேசியை எடுத்து வெங்காயத் தோலை ஊதித் தள்ளினான்.

கதவு தடதடத்தது. “ஏலே அப்ரார்! நிக்காஹ் ஓத ஆலிம்சா காத்துக்கிட்டு இருக்காக. உள்ள என்னலே செய்யுத?” நாசரின் குரல்.

“வாரேன்லே!”

அவசரமாய்த் தட்டினான். ‘செங்கயல் திடுக்கிட்டு விழித்தாள். எல்லாம் கனவு...’

“கனவா?” தோளுக்குமேல் எட்டிப் பார்த்த மாமனார் உறுமினார். “இத்தன வாரம் தண்ணி காட்டிட்டுக் கடைசில கனவா? மர்வா ஒத்துக்க மாட்டா.”

அழித்தான். ‘வானத்திலிருந்து ஒரு தேவதை இறங்கி...’

“அவ இவ்வளவு நேரம் எங்க போயிருந்தா? அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு நின்னாளாக்கும்?”

“முழுங்கியாச்சே மாமா! இனி எப்படி வெளிய எடுக்க?”

“அரக்கனுக்குக் கொம்பு வச்சீகளா?”

“வச்சேன்.”

“குளம்பு?”

“அதுவும் வச்சேன்.”

“பொறவு என்ன வே! கொம்பும் குளம்பும் உள்ள உருப்படிக்கு வயிறு நாலு. மெல்லாம முழுங்கினதெல்லாம் மொதல் வயித்துல சும்மாதான் கெடக்கும். ஆற அமரப் படுக்கும்போது பைய வாய்க்கு வரும்.” சட்டென்று தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்படின்னு மர்வா சொல்லுதா.”

மாட்டு வியாபாரி மகளாயிற்றே, சொல்லமாட்டாளா! அப்ராருக்குப் புல்லரித்தது. விரல்கள் பறந்தன.

அரக்கன் பொதிகைச் சரிவில் படுத்தான். கண்ணை மூடி அசைபோட்டான். நுரையோடு நுரையாக மேலே வந்த செங்கயல், அவன் நாக்கில் வாளை ஊன்றி, கடைவாய்ப் பல்லைக் காலால் உதைத்து, ஒரே பாய்ச்சலில் வெளியே குதித்தாள்.

“கப்பலு?”

“அந்தா, வருது மாமா.”

“பூனை?”

கப்பலில் ஒரு பூனை இருந்ததை அப்ராரே மறந்துபோயிருந்தான். அதையும் வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். ‘முற்றும்’ போய் ‘தொடரும்’ வந்தது. வெளியிட்டான்.

“அல்ஹம்துலில்லாஹ்!” மாலை நசுங்க மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் அகமது மீரான். கதவைத் திறந்தவர் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. “மாப்பிள்ளை ரெடி! ஆரம்பிங்க!”

நிக்காஹ் முடிந்தது. பிரியாணி முடிந்தது. பெண்கள் கூட்டம் கேலி பேசித் தீர்த்துக் கலைந்ததும், மர்வாவின் பக்கத்தில் குழைந்து உட்கார்ந்தான் அப்ரார்.

“செங்கயல்னா உனக்கு அவ்வளவு உசிரா?”

மர்வாவின் புருவம் ஏறியது. “யாரு அவ? மொத நாளே இன்னொருத்தி பேரா?”

“ஐயோ, என் கதையில வாராளே... கப்பல் ஓட்டுதவ.”

“கதையா? எனக்குப் பத்திரிகை பார்த்தாலே கொட்டாவி வரும்.”

“அப்போ காலையில நீ போட்ட கண்டிஷன்?”

“என்ன கண்டிஷன்? வாப்பா வந்து சம்மதமான்னு கேட்டாக. சம்மதம்னு சொன்னேன். அடுத்த வார்த்த பேசுறதுக்குள்ள உங்களத் தேடி ஓடிட்டாக.”

அப்ரார் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்போ... மாமா கண்ணு அப்படிச் செவந்திருந்துச்சே. உன்னப் பிரியுத துக்கத்துலதானே?”

மர்வா உதட்டைப் பிதுக்கினாள்.

“அது வெள்ளிக்கிழமையிலேருந்து ஓடுத கண்ணீரு. அதுல எனக்குன்னு ஒரு சொட்டுகூடக் கெடையாது!”