ஒப்பாரிக் கசற்

நெடுந்தீவில் ஒப்பாரி பாடத் தெரிந்தவள் இப்போது அன்னமுத்து ஒருத்திதான். ஒரு செத்தவீட்டில் அவள் பாடியதைக் குணசிங்கம் கசற்றில் பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பினான். ஆறே மாதத்தில் ரொறன்ரோ வரை அவள் பெயர் பரவிவிட்டது.

"பாரிசிலை பிறந்தநாள் வீட்டிலையும் உங்கடை கசற்தானாம், அக்கா. மட்டையிலை நீங்கள் சிரிச்சபடி இருக்கிற படம்!"

"அங்கை இருக்கிற என்ரை மகனும் பாத்திருப்பான்," என்றாள் அன்னமுத்து பெருமையாக. "இண்டைக்கு ஆருக்குப் பாடவேணும்? செத்தது ஆர்?"

குணசிங்கம் றெக்கோடரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இன்னும் சாகேல்லை. தாய்க்காறி உயிரோடைதான். இந்தச் சண்டைக்குள்ளை மகனாலை வரேலாதாம். இப்பவே பாடி அனுப்பட்டாம்."

"உயிரோடை இருக்கிறவளுக்கு ஒப்பாரியோ? அவனுக்கென்ன விசரே?"

"அந்த மனுசி செத்தால் பாட ஊரிலை ஆளில்லை எண்டு எழுதியிருக்கிறான், அக்கா."

அந்தத் தாயை நினைக்க அன்னமுத்துவுக்குப் பாவமாக இருந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டு நிலத்தில் இருந்தாள்.

"சரி, பேரைச் சொல்லு தம்பி."

குணசிங்கம் பொத்தானை அமத்தினான். நாடா சுற்றத் தொடங்கியது. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"அன்னமுத்து."