கூடை இறக்கும் சொல்

"உனக்கு மட்டும் அந்தச் சொல்லு காதுல விழாதா புள்ள?" என்று கங்காணி ஞானமுத்து ஒருநாள் கேட்டான். பூமயில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தாள். 'லௌசின்' என்பது ஸ்காட்லாந்துத் துரை ஒருவர் அந்தக் காலத்தில் மலைக்குக் கொண்டுவந்த சொல். அவர் ஊரில் ஏரிலிருந்து மாட்டை அவிழ்க்கும்போது சொல்வார்களாம். இப்போது அங்கேயே அதைச் சொல்ல ஆளில்லை. இங்கே, வேலை முடிகிற நேரத்தில் கங்காணி மேட்டில் நின்று அதைக் கூவாமல் யாரும் கூடையை இறக்குவதில்லை. அவன் தனக்காக இன்னொரு தடவை கூவட்டும் என்றுதான் பூமயில் தினமும் அவன் கூவிய பிறகும் நிறுத்தாமல் கிள்ளுவாள்.

வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகிற அன்று மாலையும் அவன் மேட்டில் ஏறினான்.

"கூவுங்க கங்காணி! மறந்துட்டுப் போனா நாங்க விடிய விடிய கிள்ளணும்," என்று பெண்கள் சிரித்தார்கள்.

கைகளை வாயருகே குவித்தவன் பூமயிலைப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவன் கூவுமுன்பே அவள் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் காத்து நின்றாள். குவித்த கைகளைப் பிரித்துக்கொண்டு, அந்தச் சொல்லைக் கூவாமலே அவன் இறங்கிப் போனான்.