டிஸ்க் சரிபார்க்கும் நேரம்

கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாட்களில் இந்நேரம் கறுப்புத் திரையில் டிஸ்க் சரிபார்க்கப்படுவதாக எழுத்து வந்து, சதவீதம் நத்தையாக நகர ஆரம்பித்திருக்கும். முடிய அரை மணி ஆகும். பழைய டிஸ்க், அப்படித்தான் இருக்கும், நீ போய்க் குளித்துவிட்டு வா என்று தினமும் சொல்வான். என்ன கரிசனம்!

அவளும் நம்பித்தான் குளித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ராங் நம்பர் என்றான். ராங் நம்பரோடு யாராவது சிரித்துப் பேசுவார்களா?

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. பொழுதுக்கும் அந்தக் கூடத்தை விட்டு அசையமாட்டாள். அவனோ போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலையில் இருப்பவன். ரகசியம் பேச அவனுக்குக் கிடைப்பது அந்த அரை மணிதான்.

நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் அமைப்புகளுக்குள் புகுந்து பார்த்தாள். முப்பது தடவை ஆன் செய்தால் ஒரு தடவை சரிபார்த்தால் போதும் என்கிற டிஸ்க்கை, ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கச் சொல்லி வைத்திருந்தது. தானாக மாறுகிற விஷயமில்லை. லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். பாஸ்வேர்டு அவளுடைய பெயர். என் பெயரை வைத்தே எனக்குப் பூட்டா என்று பற்றிக்கொண்டு வந்தது.

வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. இந்த நேரத்தில் இன்னொருத்தி கேட்கிறதா இவனுக்கு? அழுதுகொண்டேதான் ஒன்றை முப்பதாக்கினாள்.

இன்று திரை மளமளவென்று திறந்து வேலைக்குத் தயாராக நின்றது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்கு செக் பண்ணலயா?"

"குணமாயிடுச்சு போல," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

போனும் கையுமாகக் கூடத்துக்கும் பால்கனிக்கும் அல்லாடினான். கடைசியில் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஷூ மாட்டக் குனிந்தான்.

போன் அடித்தது. தண்ணி கேன் என்று பெயர் காட்டியது.

அவன் பாய்ந்து வருவதற்குள் எடுத்துவிட்டாள். எவள் குரல் கேட்டாலும் உடைந்துபோகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"என்ன மாப்ளே, இன்னிக்குப் போனையே காணோம்? அவளுக்குக் கால் வீக்கம் குறைஞ்சுதா இல்லையா?"

அவர்கள் கல்யாணத்தன்று பதிவு அலுவலக வாசலில், இனி எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போன அண்ணன்.

கணவன் ஒற்றை ஷூவோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

அவள் தன் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"இன்னும் குறையலண்ணே," என்றாள்.