முதுகு மட்டும் போதும்

தோட்டத்தில் வைக்க வாத்து, தவளை, காளான் என்று எதைக் கேட்டாலும் அவள் சிமெண்டில் செய்துவிடுவாள். மனிதனை மட்டும் செய்ததில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து அதைத்தான் கேட்டார்.

"குனிஞ்சு களை பிடுங்குற ஆளு. நீலச் சட்டை, தலையில தொப்பி. முகம் வேண்டாம்மா, முதுகு மட்டும் உயிரோட இருக்கணும்."

"உங்க தோட்டக்காரருக்கு மரியாதை பண்றீங்களா?"

"அவனை மாதிரி உழைப்பாளி தேடினாலும் கிடைக்கமாட்டான்."

இப்படியும் ஒரு முதலாளியா என்று அவள் உருகிப்போனாள். கம்பி கட்டி, கலவை பூசி, தோள் கடுக்கத் தேய்த்தாள்.

கலவை குழைத்துக் கொடுக்கும் கணவன் தள்ளி நின்று பார்த்தான். "ஆமைக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கு."

அவள் மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். ஆளாகத் தெரியாவிட்டால் அந்த நல்ல மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

அவர் சொன்னபடியே மதிய வேளையில், பின்வாசல் வழியாக இருவரும் சிலையை வண்டியில் வைத்து அவர் வீட்டுத் தோட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மாடி ஜன்னலுக்கு முதுகு தெரியும்படி செடியோரம் வைக்கச் சொன்னார். வைத்ததுதான் தாமதம், இருவரையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மாடி ஜன்னல் திறந்தது.

"தோட்டக்காரரே, இந்த வெயில்லயுமா குனிஞ்சு கிடக்குறீங்க? முதுகு என்னத்துக்கு ஆகும்? செத்த நேரம் உக்காருங்க," என்றாள் வீட்டுக்கார அம்மாள், சிலையிடம்.

தொட்டி நிழலில், அன்று வெள்ளைச் சட்டையில் வந்து இன்று நீலச் சட்டையில் இருந்தவர் கால் நீட்டிப் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"இருக்கட்டும்மா. இதை முடிச்சாத்தான் எனக்கு நிம்மதி."

கணவன் மனைவி பக்கம் மெல்லச் சாய்ந்தான்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன். கலவை குழைக்கிற மாதிரி."