எப்படி நின்றாலும் ஒன்று

அந்த முகாமில் தினமும் காலையில் அதிகாரி, இரண்டிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்வார். வரிசைக்கு அத்தனை பேராக எல்லோரும் நிற்க வேண்டும். கடைசியில் வரிசை நிறையாமல் மிஞ்சுகிறவர்களை வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போவார்கள். போனவர் யாரும் திரும்பியதில்லை.

"இன்றைய தொகை, இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று" என்று ஒலிபெருக்கி சொன்னதும், கூட்டத்தின் கடைசியில் நின்ற கணக்கு டீச்சர் பூரணிக்கு உள்ளங்கை வேர்த்தது.

"என்ன அண்ணி, முகமே வெளிறிப்போச்சு?" அந்தக் கையைப் பிடித்திருந்த நாத்தனார் சௌந்தரம் கேட்டாள்.

"எதைச் சொன்னாலும் ஒண்ணு மிஞ்சும்டி."

"ஏழுன்னா?"

"ஒண்ணு."

"ஒம்போது? பத்து?"

"அப்பவும் ஒண்ணுதான்."

"குழம்புக்கு உப்பு அளக்கத் தெரியாது உங்களுக்கு. இதுல மட்டும் தப்பே வராதாக்கும்!" சௌந்தரம் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சரி, அந்த ஒண்ணு போயிட்டா?"

"அப்புறம் எந்த எண்ணைச் சொன்னாலும் யாரும் மிஞ்ச மாட்டாங்க. நாளைக்கும், அதுக்கு மறுநாளும்."

ஒலிபெருக்கி கரகரத்தது. "எட்டு!"

கூட்டம் முண்டியடித்து நகர்ந்தது. பூரணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். கைக்குள்ளிருந்த கை நழுவியது. சௌந்தரம் தனக்கு முன்னால் போனாளா, பின்னால் போனாளா என்று கண்ணைத் திறந்து பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.