மிச்ச பெயிண்ட்

"புருஷன் போய் முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள காடு மேடு சுத்த வண்டியத் தயார் பண்றாங்க பாருங்க!"

மெக்கானிக்கின் மனைவி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்திருந்த புருஷனிடம் குனிந்து சொன்னாள்.

"மெதுவா பேசுடி. அந்தம்மா காதுல விழப்போகுது."

விழட்டுமே, என்ன இப்போ!

அந்தம்மா பட்டறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு ஸ்டூல். அங்கே டூல் பெட்டியும் சிவப்பு, கதவுக் கொண்டியும் சிவப்பு, குழந்தையின் நடைவண்டியும் சிவப்பு. டப்பாவில் மிச்சமிருக்கிற பெயிண்ட் காய்ந்துபோவதை மெக்கானிக்கின் மனைவியால் தாங்க முடியாது. கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு பூச்சு பூசிவிடுவாள்.

வந்து நிற்பது நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய ஜீப். முன்னால் புல் பார் என்கிற வாட்டசாட்டமான இரும்புத் தடுப்பு. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பட்டறையில்தான் மாட்டினார்கள். அன்றைக்கு வந்தவர் அந்தம்மாவின் வீட்டுக்காரர். என்ன கலகலப்பான மனுஷன்! குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காது கிழிய ஹாரன் அடிக்கவிட்டார்.

போன மாதம் விபத்தில் போய்விட்டார் என்று கேள்வி. ஆனால் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னது ஒன்றுதான். "வண்டி சிக்கிக்கிட்டா கட்டி இழுக்கற கொக்கி, முன்னாடி ரெண்டு பக்கமும் மாட்டணும். எத்தனை டன் தாங்கும்னு அதுலயே அடிச்சிருக்கணும்."

பேரம் பேசவில்லை. ஆனால் கேள்வி கேட்டே கொன்றுவிட்டாள்.

"தம்பி, புல் பார்ல மாட்டலையே?"

"இல்லம்மா, நேரா வண்டியோட அடிச்சட்டத்துல, சேசிஸ்லதான்."

"முறுக்கும்போது நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

"தாராளமா பாருங்கம்மா."

மெக்கானிக்கின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகள் தேய்த்த பாத்திரத்தை மாமியார் தூக்கித் தூக்கிப் பார்க்கிற மாதிரியல்லவா இருக்கிறது!

புல் பாரை இறக்கி வைத்துவிட்டு அடியில் நுழைந்த மெக்கானிக், "இந்தப் பக்கம் பழைய வளையத்தைக் காணோமே. போல்ட்டோட பிச்சுக்கிட்டுப் போயிருக்கு..." என்றான். அப்புறம் பிய்ந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

அந்தம்மா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

புதுக் கொக்கி இரண்டும் ஏறி, புல் பாரும் பழையபடி ஏறியது. மெக்கானிக்கின் மனைவிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அப்புறம் என்னக்கா? அடுத்த டூர் எந்தக் காட்டுக்கு?"

"டூரா? இங்க வரைக்கும் ஓட்டிட்டு வந்ததே பெரும்பாடா போச்சும்மா. வண்டிய விக்கப் போறேன்."

"விக்கப்போற வண்டிக்கா இத்தனை செலவு?"

"வாங்கறவன் வீட்டுலயும் ஒருத்தி இருப்பால்ல?"

மெக்கானிக்கின் மனைவி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்தம்மா தானாகவே சொன்னாள். "ஆத்து மணல்ல சக்கரம் புதைஞ்சிடுச்சு. டிராக்டர்காரர் ஒருத்தர் பாவம்னு உதவிக்கு வந்தார். இவர்தான் கட்டி இழுக்கற பட்டையைக் கொண்டுபோய் முன்னாடி வளையத்துல மாட்டினார். என்னை ஸ்டீயரிங்ல உக்கார வெச்சுட்டு, 'நீ நேரா பிடி, நான் முன்னால நின்னு பாத்துக்கறேன்'னு நின்னார். டிராக்டர் ஒரு இழு இழுத்துச்சு. அவ்வளவுதான். வளையம் பிச்சுக்கிட்டுப் பறந்துபோய் அவர் மேல அடிச்சுடுச்சு."

அவள் விரல் நெற்றிக்குப் போய், தொடாமலே இறங்கியது.

மெக்கானிக்கின் மனைவி புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, அந்த வளையம் இழுக்கறதுக்கு இல்லையா?"

"இல்ல." அவன் தலை நிமிரவில்லை. "கம்பெனியிலருந்து லாரியில ஏத்திட்டு வரும்போது, வண்டி ஆடாம இருக்கக் கட்டி வைக்கறது. இழுத்தா தாங்காது."

"அவருக்கு அது தெரியாதே தம்பி," என்றாள் அந்தம்மா. "இழுக்கற கொக்கிக்குத்தான் பளிச்சுனு கலர் அடிப்பாங்கன்னு யாரோ சொன்னது மட்டும்தான் தெரியும்." பிறகு தரையைக் காட்டினாள். "அந்தப் பக்கத்துலருந்து கழட்டின பழைய வளையம் அதோ கிடக்கு பாரு. இதோட ஜோடி போலீஸ்ல இருக்கு."

மெக்கானிக்கின் மனைவி குனிந்து எடுத்தாள். சேறு அப்பியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தாள்.

சிவப்பு.

ஸ்டூலின் சிவப்பு. நடைவண்டியின் சிவப்பு. புல் பார் மாட்டிய அன்றைக்கு, 'அண்ணே, உங்க வண்டிக்கு லிப்ஸ்டிக் போட்டுட்டேன்' என்று பிரஷும் கையுமாக அவள் சிரித்ததும், அவரும் வயிறு குலுங்கச் சிரித்ததும்...

வளையம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இடுப்பிலிருந்த குழந்தை சத்தம் கேட்டு வீறிட்டது.

அந்தம்மா எழுந்து வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள்.

"ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்மா, என் வண்டி லிப்ஸ்டிக் போட்ட வண்டின்னு. அவ்வளவு பிடிச்சிருந்துச்சு அவருக்கு."

"அக்கா, நான்... வீணாப் போகுதேன்னு..."

"இன்னும் எத்தனை வண்டிக்கு இப்படிப் பூசினே? எல்லாரையும் இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடு. அதுக்குத்தான் வேற பட்டறைக்குப் போகாம இங்க வந்தேன்."

குழந்தை அடங்கியது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதே. சிவப்பு அடிச்சது யாருன்னு போலீஸ்ல கேட்டாங்க. கைக்குழந்தைக்காரி உன்னைச் சொல்ல மனசு வரல. அவரேதான் ஆசைக்கு அடிச்சுக்கிட்டார்னு சொல்லிட்டேன்."